புது பிசிக்கு ஈஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி, பழைய சிபியு-வைத் திறந்து பாருங்க



நம்ம சேனல்ல பட்ஜெட் பத்தி எந்த வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வருது. "வீட்ல இருக்கிற பிசி வாங்கி நாலு வருஷம் ஆச்சு. மத்தியானம் ஆனா ஸ்லோ ஆயிடுது, ஃபேன் சத்தம் தாங்க முடியல. 60,000 ரூபாய்க்கு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், நோ காஸ்ட் ஈஎம்ஐ இருக்கு. எடுக்கலாமா?"

என் பதில்: ஒரு வாரம் பொறுங்க. முதல்ல சைடு பேனலைக் கழட்டி உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க.

ஒரு ஆடிட்டர் எதுக்கு ஃபேன், கேபிள் பத்தியெல்லாம் பேசுறார்னு உங்களுக்குத் தோணலாம். இது முழுக்க முழுக்க பணம் சம்பந்தப்பட்ட விஷயம். 2,000 ரூபாய்ல முடியவேண்டிய ஒரு பராமரிப்பு வேலையை 60,000 ரூபாய் கடனா மாத்திக்கிறவங்க நிறைய பேர். அதுல முக்கால்வாசிப் பேர் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம்தான் ஆனவங்க. எமர்ஜென்சி ஃபண்டே முழுசா சேர்ந்திருக்காது.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். நான் சொல்றது உங்க சொந்தக் காசுல வாங்கின டெஸ்க்டாப்புக்கு மட்டும். ஆபீஸ் கொடுத்த மெஷினைத் திறக்காதீங்க, ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்க. வாரன்டி இருக்கிற பிராண்டட் மெஷினா இருந்தாலும் முதல்ல வாரன்டி விதிமுறையைப் படிங்க.

சூடானா ஏன் ஸ்லோ ஆகுது?

பிராசஸர் இழுக்கிற கரன்ட் எல்லாம் கடைசியில வெப்பமாத்தான் மாறுது. அந்த வெப்பத்தை மேல இருக்கிற ஹீட்சிங்க் வாங்கிக்கும். ஹீட்சிங்க்ல இருக்கிற ஃபேன் அதைக் காத்துல தள்ளிவிடும். அந்தச் சூடான காத்து கேபினட்டை விட்டு வெளிய போகணும், அதே அளவுக்கு வெளிக்காத்து உள்ள வரணும். இந்தச் சங்கிலியில எங்க அடைப்பு வந்தாலும், சூடான காத்தே உள்ளுக்குள்ள சுத்திச் சுத்தி வரும்.

ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒரு வெப்ப வரம்பு உண்டு. இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர் பலதுக்கு அது 100 டிகிரி. ஏஎம்டி ரைசன்ல மாடலைப் பொறுத்து 90, 95 டிகிரி. அந்த வரம்பைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். இதுக்குத்தான் தெர்மல் த்ராட்லிங்னு பேர். மெஷின் கெட்டுப்போகல. நீங்க காசு கொடுத்து வாங்கின வேகத்துல ஒரு பகுதி உங்க கைக்கு வரல, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல இது சீக்கிரம் வரும். மே மாசம் ரூமுக்குள்ளயே 35 டிகிரி இருக்கும். ஃபேன் வீசுறது அந்த ரூம் காத்தைத்தான், அதனால உள்ள இருக்கிற எதுவும் 35-க்குக் கீழ இறங்காது. அதோட தூசி. அதோட நம்ம கம்ப்யூட்டர் டேபிள். கீழ சிபியு வைக்கன்னு ஒரு மரப்பெட்டி மாதிரி கொடுத்திருப்பாங்களே, பின்பக்கம் பலகை அடிச்சு மூடினது? சூடான காத்து வெளிய வந்து பலகையில முட்டி, சுத்திக்கிட்டு முன்பக்கமா மறுபடியும் உள்ள போகும்.

ரிப்பேர் செலவா, மூலதனச் செலவா?

கணக்கியல்ல நாங்க எந்தச் செலவைப் பார்த்தாலும் முதல்ல கேட்கிற கேள்வி இது. ஒரு சொத்தோட பழைய திறனைத் திரும்பக் கொண்டுவர்ற செலவு ரிப்பேர். இல்லாத புதுத் திறனைச் சேர்க்கிற செலவு மூலதனச் செலவு.

உங்க பிசி வாங்கின புதுசுல இதே எக்ஸல் ஷீட்டையும், இதே இருபது பிரவுசர் டேபையும், இதே வீடியோ எடிட்டிங்கையும் சுலபமா செஞ்சதா? அப்படின்னா உங்களுக்குத் தேவை பழைய திறன். அது ரிப்பேர் பட்ஜெட்ல வரவேண்டிய விஷயம். நீங்க செய்யுற வேலையே மாறிப்போச்சு, பெரிய சாஃப்ட்வேர் வந்துடுச்சுன்னா அப்போ மூலதனச் செலவைப் பத்திப் பேசலாம். இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுதான் பர்ஸுக்கு ஆபத்து.

முதல் வேலை: அளவு எடுங்க (செலவு 0 ரூபாய்)

எதையும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இந்தச் சோதனையைச் செய்யுங்க. ஒரு மணி நேரம் போதும்.

1. ரூம் வெப்பநிலையைக் குறிச்சுக்கோங்க. சின்ன டிஜிட்டல் கடிகாரங்கள் பலதுலயே இது காட்டும். ஏசி போடாம, நீங்க வழக்கமா வேலை பார்க்கிற நேரத்துல எடுங்க.

2. எச்டபிள்யுஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல பிராசஸர் வெப்பநிலையைப் பாருங்க. சும்மா இருக்கும்போது பத்து நிமிஷம், அப்புறம் உங்க வழக்கமான கனமான வேலை இருபது நிமிஷம். அதிகபட்ச அளவை எழுதிக்கோங்க. இன்டெல் பிராசஸரா இருந்தா, த்ராட்லிங் ஆச்சா இல்லையான்னும் அதுலயே ஒரு வரி காட்டும்.

3. மெஷினை அணைச்சு, சைடு பேனலைக் கழட்டி ஓரமா வைங்க. மறுபடி ஆன் பண்ணி, அதே வேலையை அதே இருபது நிமிஷம் ஓட்டுங்க. ஓடும்போது உள்ள கை விடாதீங்க.

இப்போ ரெண்டு அளவையும் ஒப்பிடுங்க.

- பேனல் இல்லாம 8, 10 டிகிரி குறைஞ்சா, கேபினட்ல காத்தோட்டம் இல்லைன்னு அர்த்தம். ஃபேன், அடைப்பு, வச்சிருக்கிற இடம், இதுலதான் பிரச்சனை.
- 2, 3 டிகிரிதான் குறைஞ்சது, இன்னும் 90 பக்கத்துலயே நிக்குதுன்னா, பிரச்சனை ஹீட்சிங்க்ல. தூசி, காய்ஞ்சுபோன தெர்மல் பேஸ்ட், இல்லைன்னா கூலர் சரியா உட்காரல.
- ரெண்டு தடவையும் 70, 75-க்குள்ளயே இருந்தா, உங்க பிரச்சனை சூடே இல்லை. ஃபேன் வாங்குறது வீண் செலவு. ரேம், டிஸ்க் பக்கம் போங்க.

ஒரு விதிவிலக்கு: ரைசன் 7000 வரிசையில பெரிய மாடல்கள் முழு வேலையில 95 டிகிரி வரைக்கும் போற மாதிரியேதான் வடிவமைச்சிருக்காங்க. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

"பேனலைக் கழட்டினா நல்லா இருக்கே, அப்படியே விட்டுடலாமே?"ன்னு கேட்பீங்க. ஒரு வாரத்துக்கு ஓகே. அப்புறம் தூசி, எறும்பு, பல்லி எல்லாம் குடிவரும். வீட்ல குழந்தை இருந்தா சொல்லவே வேண்டாம்.

காத்துக்கு வழி: செலவு குறைஞ்சதுல இருந்து வரிசையா

*இடம் மாத்துறது, 0 ரூபாய்.* டேபிளோட மரப்பெட்டியில இருந்து வெளிய எடுங்க. பின்பக்கம் சுவருக்கும் கேபினட்டுக்கும் நடுவுல ஒரு ஜாண் இடம் விடுங்க. தரையில வைக்காம சின்ன ஸ்டூல் மேல வைங்க. வீடு பெருக்கும்போது எழும்புற தூசியில பாதி குறையும். எஸ்எம்பிஎஸ் கீழ் பக்கமா இருக்கிற கேபினட்னா அதோட ஃபேன் பெரும்பாலும் அடியில இருந்துதான் காத்தை இழுக்கும். கார்ப்பெட், போர்வை மேல வச்சா அதோட மூக்கை அடைச்ச மாதிரி.

*சுத்தம் பண்றது, 100 ரூபாய்.* மெஷினை அணைச்சு, பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனை ஒரு சில நொடி அழுத்திப் பிடிங்க, மிச்சம் இருக்கிற சார்ஜ் போகட்டும். முன்னாடி ஃபில்டரைக் கழட்டித் தட்டுங்க. மென்மையான பெயின்ட் பிரஷால ஹீட்சிங்க் இடுக்குல இருக்கிற தூசியை எடுங்க. புளோயர் வச்சு ஊதினா ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க. சும்மா விட்டா கண்டபடி வேகமா சுத்தி பேரிங் கெடும். வேக்யூம் கிளீனரை உள்ள விடாதீங்க, ஸ்டாட்டிக் சார்ஜ் வரலாம். ஈரத்துணி கூடவே கூடாது. முக்கியமா, எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீங்க. அதுல இருக்கிற கெப்பாசிட்டர்ல பிளக் கழட்டின பிறகும் ஆபத்தான மின்சாரம் தேங்கி இருக்கும்.

*தெர்மல் பேஸ்ட், சுமார் 400 ரூபாய்.* மூணு நாலு வருஷம் ஆன மெஷின்ல ரெண்டாவது ரிசல்ட் வந்திருந்தா இதை மாத்துங்க. ஒரு பட்டாணி அளவு போதும். இன்டெல் பாக்ஸோட வர்ற கூலர்ல நாலு மூலையிலும் அழுத்துற பின் இருக்கும். அதுல ஒண்ணு வெளிய வந்திருந்தாலே வெப்பம் ஏறும். அதை அழுத்திவிட்டாலே சரியான மெஷின்களும் உண்டு. ஏஎம்டி ஏஎம்4 போர்டுன்னா கொஞ்ச நேரம் ஓட்டி சூடாக்கிட்டு, அணைச்சு, கூலரை லேசாத் திருகிக் கழட்டுங்க. நேரா இழுத்தா பிராசஸரும் ஒட்டிக்கிட்டு வந்துடும், பின் வளைஞ்சா செலவு பெருசு. கை நடுங்கும்னா இந்த ஒரு வேலையை மட்டும் கடையில கொடுங்க.

*ரெண்டு ஃபேன், சுமார் 1,200 ரூபாய்.* குறைஞ்ச விலையில அசெம்பிள் பண்ணின பிசி நிறைய வெறும் ஒரே ஒரு பின்பக்க ஃபேனோடதான் வருது. முன்னாடி ரெண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் காத்தை உள்ள இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ள, இது போதும் நம்ம வேலைக்கு. எந்தப் பக்கம் காத்து போகும்னு குழப்பமா? ஃபேனோட மோட்டாரைத் தாங்குற கம்பிகள் தெரியுற பக்கமாத்தான் காத்து வெளிய வரும். ஓரத்துல அம்புக்குறியும் சில மாடல்ல இருக்கும். வெளிய தள்ளுறதைவிட உள்ள இழுக்கிறது கொஞ்சம் அதிகமா இருந்தா நல்லது. காத்து ஃபில்டர் வழியா மட்டும் வரும், இடுக்கு வழியா தூசி நுழையாது.

கரன்ட் பில் பயம் வேண்டாம். சாதாரண ஃபேன் ஒண்ணு 2, 3 வாட்தான். மூணு ஃபேனுக்கு 6 வாட்னு வச்சு, தினம் 10 மணி நேரம் ஓடினாக்கூட மாசத்துக்கு 1.8 யூனிட். பிசி சூடாகுதேன்னு 1.5 டன் ஏசி போட்டா, வெயில் நேரத்துல ரெண்டே மணி நேரத்துல அதைத் தாண்டிடுவீங்க.

முன்பக்கம் முழுக்க கண்ணாடி மூடின கேபினட் வச்சிருக்கீங்களா? அதுல எத்தனை ஃபேன் போட்டாலும் காத்து நுழைய ஓரத்து இடுக்குதான் வழி. அழகுக்குக் கொடுத்த காசு இங்க எதிர்வேலை செய்யுது. அடுத்த தடவை வாங்கும்போது முன்பக்கம் மெஷ் வலை இருக்கிறதா பாருங்க.

கேபிள் மேனேஜ்மென்ட்: என் கருத்து கொஞ்சம் கசக்கும்

ரீல்ஸ்ல வர்ற மாதிரி ஒரு ஒயர்கூட வெளிய தெரியாத கேபினட் பார்க்க அழகுதான். ஆனா கேபிளை அடுக்கினதால மட்டும் டெம்பரேச்சர் 10 டிகிரி குறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சாதாரண கேபினட்ல வித்தியாசம் ஒண்ணு ரெண்டு டிகிரிதான் இருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது. காத்து ஒயரைச் சுத்திப் போயிடும்.

மூணு இடத்துல மட்டும் கேபிள் உண்மையிலேயே முக்கியம். முன்பக்க ஃபேனுக்கு நேர் பின்னால கொத்தா அடைச்சு நிக்கிறது. ஃபேன் இறக்கையில உரசுறது. கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழ தொங்கி அதோட ஃபேனை மறைக்கிறது. இந்த மூணையும் சரி பண்ணினாலே காத்துக்குத் தேவையான வேலை முடிஞ்சது. 150 ரூபாய் வெல்க்ரோ டேப் போதும்.

அப்போ கேபிளை ஒழுங்குபடுத்துறதே வேஸ்டா? அப்படிச் சொல்ல மாட்டேன். எங்க தொழில்ல வவுச்சர் எல்லாம் தேதிவாரியா ஃபைல் பண்ணி வச்சா கம்பெனி லாபம் ஒரு ரூபாய்கூட கூடாது. ஆனா தப்பு எங்க இருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல தெரியும். கேபிளும் அப்படித்தான். உள்ள ஒழுங்கா இருந்தா ஆறு மாசத்துக்கு ஒருதடவை திறந்து சுத்தம் பண்ண மனசு வரும். ஒயர் காடா இருந்தா திறந்த உடனே மூடிடுவோம், அடுத்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் திறப்போம். பராமரிப்பு சுலபமாகுறதுதான் இதோட லாபம்.

அழகுக்காகச் செய்யுறப்போ காசைக் கரைக்கிற ஆபத்துகளும் இருக்கு:

- ஒரு எஸ்எம்பிஎஸ்-ஓட மாடுலர் கேபிளை இன்னொரு மாடல் எஸ்எம்பிஎஸ்-ல மாட்டாதீங்க. பிளக் பொருந்தும், ஆனா உள்ள ஒயர் வரிசை வேற மாதிரி இருக்கலாம். எஸ்எஸ்டி, போர்டு எல்லாம் ஒரு நொடியில போகும்.
- மலிவான, ஒரே பிளாஸ்டிக் கட்டியா வார்த்த மோலெக்ஸ்-சாட்டா கன்வெர்ட்டர் வாங்காதீங்க. உள்ள ஷார்ட் ஆகி எரிஞ்ச சம்பவங்கள் நிறைய.
- பெரிய கிராஃபிக்ஸ் கார்டோட 16 பின் பவர் கேபிளை, கண்ணாடி பேனல் மூடணுமேன்னு பிளக் பக்கத்துலயே மடக்காதீங்க. 2022-ல ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்தப்போ சிலருக்கு அந்த கனெக்டர் உருகினது செய்தியாச்சு. முழுசா உள்ள போகாத பிளக் ஒரு முக்கியக் காரணம்னு என்விடியாவே சொன்னாங்க. அழுத்தி மாட்டுங்க, கொஞ்ச தூரம் நேரா விட்டு அப்புறம் வளைங்க.

கலர் கலரா ஸ்லீவ்டு கேபிள், ஆர்ஜிபி ஃபேன் செட், 65 வாட் பிராசஸருக்கு லிக்விட் கூலர், இதெல்லாம் பொழுதுபோக்குச் செலவு. ஆசை இருந்தா தாராளமா வாங்குங்க. ஆனா பட்ஜெட்ல "பொழுதுபோக்கு" தலைப்புல எழுதுங்க, "அவசியம்" தலைப்புல எழுதாதீங்க.

இப்போ கணக்கு

60,000 ரூபாய் பிசி, 12 மாச நோ காஸ்ட் ஈஎம்ஐ, மாசம் 5,000. இதுல கார்டு வட்டி 15 சதவீதம்னு வச்சுக்குவோம். கடைக்காரர் தரப்புல அந்த வட்டி அளவுக்கு முன்னாடியே தள்ளுபடி கொடுத்துடுவாங்க, அதனாலதான் அதுக்கு நோ காஸ்ட்னு பேர். ஆனா பேங்க் கணக்குல வட்டி இருக்கத்தான் செய்யும். இந்த உதாரணத்துல அது சுமார் 4,600 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில, சுமார் 830 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199 ரூபாய்னா ஜிஎஸ்டியோட 235. மொத்தம் 1,065 ரூபாய்.

பராமரிப்புச் செலவு: ஃபேன் 1,200, பேஸ்ட் 400, வெல்க்ரோ 150, பிரஷ் 100. மொத்தம் 1,850 ரூபாய். அதாவது "நோ காஸ்ட்" ஈஎம்ஐ-யோட மறைமுகச் செலவே உங்க பழைய பிசியைச் சரிபண்ற செலவுல பாதிக்கு மேல!

அடுத்தது தேய்மானம். வருமான வரிக் கணக்குல கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம். 60,000 ரூபாய் பிசி முதல் வருஷக் கடைசியில 36,000, ரெண்டாவது வருஷம் 21,600, மூணாவது வருஷம் 12,960. பிசினஸ் செய்யுறவருக்கு இந்தத் தேய்மானத்தால வரியாவது குறையும். சம்பளம் வாங்குற உங்களுக்கு அதுவும் கிடையாது. முழு இழப்பும் உங்களோடது.

இப்போ பழைய பிசியை 1,850 ரூபாய்ல சரிபண்ணி இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுறீங்கன்னு வைங்க. மாசம் 5,000 கட்டவேண்டிய இடத்துல, அதுல பாதி 2,500 ரூபாயை ஆர்டி-ல போடுங்க. 24 மாசத்துல அசல் 60,000. வட்டி 6.5 சதவீதம்னா 4,000 ரூபாய்க்கு மேல சேரும் (வரிக்கு முன்). ரெண்டு வருஷம் கழிச்சு முழுப் பணத்தோட கடைக்குப் போவீங்க. நடுவுல வேலை போச்சு, வீட்ல மருத்துவச் செலவு வந்துச்சுன்னா, அந்தப் பணம் உங்க கையில இருக்கும். ஈஎம்ஐ-ல இருந்தா நேர் எதிர். வருமானம் நின்ன மாசத்துலயும் 5,000 கட்டணும், கிரெடிட் லிமிட்டும் அடைஞ்சு நிக்கும்.

எப்போ புதுசு வாங்கித்தான் ஆகணும்?

எல்லாத்துக்கும் ஃபேன் மருந்து கிடையாது. இந்தச் சூழ்நிலைகள்ல செலவு நியாயம்தான்:

- விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்ல ஓடுது, ரேம் எப்பவும் 90 சதவீதத்துக்கு மேல நிக்குது. இதுக்கு எஸ்எஸ்டி, ரேம் சேர்த்தாலே போதும், முழு பிசி தேவையில்லை.
- பிராசஸர் விண்டோஸ் 11 ஏத்துக்காத அளவுக்குப் பழசு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. பேங்கிங், வரித் தாக்கல் எல்லாம் பண்ற மெஷின்ல பாதுகாப்பு அப்டேட் இல்லாம இருக்கிறது நல்லதில்லை.
- எஸ்எம்பிஎஸ்-ல கருகின வாசனை, தானா ரீஸ்டார்ட் ஆகுது. உடனே நிறுத்துங்க. நல்ல பிராண்ட் எஸ்எம்பிஎஸ் மாத்துங்க, இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.
- இந்த பிசியாலதான் உங்களுக்குக் கூடுதல் வருமானம் வருது, புது மெஷின் வாங்கினா வேலை வேகமா முடிஞ்சு காசு கூடுதலா வரும்னு கணக்குப் போட்டுக் காட்ட முடியுது. அப்போ தாராளமா வாங்குங்க.

கடையில கொடுக்கப் போறீங்கன்னா, ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்க தெருமுனைக் கடையோ, போறதுக்கு முன்னாடி மேல சொன்ன சோதனையைச் செஞ்சு அளவோட போங்க. "ஸ்லோவா இருக்கு"ன்னு சொல்றவர்கிட்ட எதை வேணாலும் விக்கலாம். "ரூம் 34 டிகிரி, பிராசஸர் 97, பேனல் திறந்தாலும் 95, பேஸ்ட் மாத்திக் கொடுங்க"ன்னு சொல்றவர்கிட்ட அந்த ஒரு வேலைக்குத்தான் காசு வாங்க முடியும். பில் கேட்டு வாங்குங்க. ஃபேனுக்கு வாரன்டி இருக்கும், பில் இல்லாம அது செல்லாது. உங்க கம்பெனி வீட்ல இருந்து வேலை பார்க்கிறதுக்கு செலவுத் தொகை கொடுத்தா, அந்த பில்லை அங்கேயும் கொடுத்துப் பாருங்க.

ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த ரெண்டு அளவையும் எடுங்க. பேனல் மூடி எவ்வளவு, திறந்து எவ்வளவு, ரூம் எவ்வளவு. மூணு நம்பரையும் கமென்ட்ல போடுங்க, பிராசஸர் பேரும் சேர்த்து. எந்தச் செலவு தேவை, எது வேண்டாம்னு பார்த்துச் சொல்றேன். கார்ட்ல வச்சிருக்கிற அந்த 60,000 ரூபாய் பிசி அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.